ஐம்பது நாள் கோடு

கடிதத்தில் ஐம்பது நாள் என்று இருந்தது. கறைக்காரம்மா அதைக் கெடு என்று எடுத்துக்கொண்டாள்.

"ஐம்பது நாள்ல கடையைக் காலி பண்ணணுமாம்" என்று கணவரிடம் சொன்னாள். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி சட்டைக் கையைத் தேய்க்க ஆரம்பித்தார். அவருடைய பேச்சு எப்போதும் அவ்வளவுதான்.

கறைக்காரம்மா என்பது தெரு வைத்த பெயர். மை, எண்ணெய், துரு, ரத்தம் எதுவானாலும் துணியை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடிப்பாள். முகர்வாள். நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டுவாள். "இது பேனா மை இல்ல, முத்திரை மை. ஆபீஸ்ல எதுமேல சார் சாஞ்சீங்க?" என்பாள். தண்ணீர் படாமல் மருந்தால் துணி வெளுக்கும் டிரைகிளீனிங் கடை அது. பத்தொன்பது வருடமாக ஒரே இயந்திரம், ஒரே இஸ்திரி மேஜை, ஒரே கணவர்.

கடிதத்தை மூன்று முறை படித்தாள். குடிநீர்க் கிணறு எண் மூன்றின் ஐம்பது நாள் எல்லைக்குள் தங்கள் தொழிலிடம் அமைந்துள்ளது. நிலத்தடி நீரின் தரத்தைக் காக்கும் சட்டப்படி, அவ்வெல்லைக்குள் துணி வெளுக்கும் இரசாயனத் திரவங்களை வைத்திருக்கவோ பயன்படுத்தவோ கூடாது. கடையின் பின்புறமுள்ள உறிஞ்சுகுழியை உடனே அகற்ற வேண்டும்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. அதே முத்திரை, வேறு கையெழுத்து. மேற்படி எல்லைக்குள் நிலத்தைத் தோண்டுவது குற்றம்.

இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"குழியை எடுக்கணுமாம். தோண்டக் கூடாதாம். தோண்டாம எப்படிங்க எடுக்கறது?"

"தூக்கிடு" என்றார் கணவர்.

அலுவலகத்தில் இரண்டு ஜன்னல்கள் இருந்தன. முதல் ஜன்னலில் கண்ணாடி போட்ட எழுத்தர் ஒருவர் முதல் கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"இது நாங்க அனுப்பினதுதான். எடுத்துடுங்க."

"தோண்டக் கூடாதுன்னு இன்னொண்ணு வந்திருக்கே?"

"தோண்டறது ரெண்டாவது ஜன்னல்மா."

இரண்டாவது ஜன்னலில் இருந்தவர் இளையவர். இரண்டு கடிதத்தையும் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "அனுமதி கேட்டா குடுப்போம். ஆனா உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு உத்தரவு நிலுவைல இருக்கு. நிலுவை இருக்கறவங்களுக்கு அனுமதி கிடையாது."

"என்ன நிலுவை?"

"குழியை எடுக்காத நிலுவை."

"குழியை எடுக்கத்தான சார் அனுமதி கேக்கறேன்?"

"அதான் சொல்றேன். மொதல்ல எடுங்க, அப்புறம் வாங்க."

அவள் பேந்தப் பேந்த விழித்தாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது அடிப்பது யார் என்று தெரியும்.

மாடிப்படியில் இறங்கி வந்த ஓர் இளைஞர் நின்றார். கையில் சுருட்டிய வரைபடம், காலணியில் காய்ந்த சேறு. நிலத்தடி நீர்ப் பிரிவு. ஊருக்கு அவர் தண்ணி ஆபீசர். அவள் முகத்தைப் பார்த்தோ என்னவோ, வரைபடத்தை அங்கிருந்த பெஞ்சின் மேல் விரித்தார்.

"ஐம்பது நாள்னா கெடு இல்லம்மா. தூரம்."

"நாள் எப்படி சார் தூரமாகும்?"

"இந்தக் கோட்டுல விழற சொட்டு மண்ணுக்கடியிலயே நகர்ந்து கிணத்துக்கு வர ஐம்பது நாள் ஆகும். அவ்வளவு நாள் மண்ணுக்குள்ள இருந்தா கிருமி செத்துடும். கோட்டுக்கு உள்ள விழுந்தா சாகறதுக்கு முன்னாடியே கிணத்துக்கு வந்துடும். அதனாலதான் உள்ள இவ்வளவு கண்டிப்பு."

"எங்க கடையிலேருந்து கிணத்துக்கு நடந்தா நாலு நிமிஷம்."

"நீங்க நடக்கறது வேற. தண்ணி நடக்கறது வேற."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "துணி வெளுக்கற மருந்தும் ஐம்பது நாள்ல செத்துடுமா?"

"அது எத்தனை நாளானாலும் சாகாது."

"அப்ப அதுக்கு எதுக்கு ஐம்பது நாள்?"

ஆபீசர் பிடரியைச் சொறிந்தார். "எங்கயாவது ஒரு கோடு போடணுமேம்மா."

கோடு சிவப்பாக, முட்டை வடிவத்தில் கிணற்றைச் சுற்றிப் போயிற்று. அது அவள் கடையின் நடுவே குறுக்கே ஓடியது. கோட்டின் தடிமனே நிலத்தில் மூன்று மீட்டர் வரும் என்றார் அவர்.

"அப்ப நாங்க கோட்டுக்கு எந்தப் பக்கம் சார்?"

"மிஷின் உள்ள. இஸ்திரி மேஜை வெளிய."

"நான் உள்ள. என் வீட்டுக்காரர் வெளிய."

"ஆமா."

"பூமிக்கடியில போயி இதை யார் பாத்தது?"

"யாரும் பாக்கல. கணக்குதான்." வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கியவர் நிறுத்தினார். "சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு. உங்க இடத்துத் தண்ணி இந்தக் கிணத்துக்குப் போகலன்னு பரிசோதனைல தெரிஞ்சா, கோட்டை மாத்தி வரையணும். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"நான் கேக்கறேன்" என்றாள்.

வேறு என்ன செய்வாள்? இயந்திரத்தை நகர்த்தினால் உடையும். உடைந்தால் அதற்குப் பாகம் எங்கும் கிடையாது. இருவருக்கும் வேறு தொழில் தெரியாது. கடை நின்றால் அவர்கள் நின்றார்கள்.

ஆபீசர் ஒரு திங்கட்கிழமை கடைக்கு வந்தார். அவள் இயந்திரத்தைத் திறந்து காட்டினாள். கொஞ்சம் பெருமையாகத்தான் காட்டினாள்.

"மருந்து ஒரு சொட்டு வெளிய போகாது சார். உள்ளயே சுத்தமாகிச் சுத்தமாகி அதேதான் திரும்ப ஓடும். வெளிய வர்றது வெறும் தண்ணி."

"தண்ணி எங்கேருந்து வருது? தண்ணி படாத வெளுப்புதான இது?"

"துணில இருக்கற ஈரம், வேர்வை. மிஷின் அதை மருந்துலேருந்து பிரிச்சு இந்தக் குழாய்ல விடும்." பக்கவாட்டில் ஒரு மெல்லிய குழாய். அதன் கீழ் நீல பக்கெட். பாதி பக்கெட் தண்ணீர், கண்ணாடிபோலத் தெளிவாக. அடியில் பக்கெட்டின் கீறல்கள்கூடத் தெரிந்தன.

ஆபீசர் குனிந்து முகர்ந்தார். "இனிப்பா ஒரு வாசனை வருதே."

"துணி வாசனை சார்."

"இதை எங்க ஊத்துவீங்க?"

"குழிலதான். தினம் காலைல கடை திறந்ததும் மொத வேலை அதுதான். சோப்புகூடக் கலக்காத தண்ணி. பத்தொன்பது வருஷமா ஊத்தறேன்."

அவர் சின்ன போத்தலில் கொஞ்சம் பிடித்து மூடியில் எண் எழுதினார். "இனிமே ஊத்தாதீங்க. கேன்ல பிடிச்சு வைங்க. கோட்டுக்கு வெளிய வைக்கணும்."

"கோடு எங்க இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஆபீசர் சுவரிலிருந்து நாடா பிடித்து அளந்தார். கணவர் தையல் சாக்கட்டியை எடுத்துத் தரையில் குறுக்கே ஒரு கோடு போட்டார். அன்றிலிருந்து கேன்கள் கோட்டுக்கு முன்னால், வாடிக்கையாளர்கள் நிற்கும் இடத்தில் வரிசையாக நின்றன. துணி வாங்க வந்தவர்கள் கேனைத் தாண்டி, கோட்டைத் தாண்டி வந்தார்கள். "இந்தப் பக்கம் வந்தா என்னையும் பிடிப்பாங்களா?" என்று வெளுக்கப் போட்ட கோட்டு வாங்க வந்த ஒரு பள்ளி வாத்தியார் கேட்டார். "உங்க கோட்டை மட்டும்தான் பிடிப்பாங்க, நீங்க போகலாம்" என்றாள் அவள்.

கோடு போட்ட அன்றே ஆபீசர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். செங்கல் நிறத்தில் பொடி. அதைக் குழியில் கொட்டி, மேலே இரண்டு பீப்பாய் நல்ல தண்ணீரை ஊற்றச் சொன்னார். கணவர் ஊற்றினார். சிவப்புப் பொடி தண்ணீர் பட்டதும் பச்சையானது. சாதாரணப் பச்சை இல்லை. உள்ளே விளக்குப் போட்டதுபோல ஒரு பச்சை. அவள் குழி விளிம்பில் குந்தி அதையே பார்த்தாள். ஆயிரம் கறை பார்த்தவள், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கணவரின் கட்டைவிரலில் பொடி ஒட்டி, நகக்கண்ணில் பச்சை ஏறிவிட்டது; வாரக்கணக்கில் எத்தனை தேய்த்தும் போகவில்லை.

"குடிச்சாலும் ஒண்ணும் பண்ணாது. சாயம், அவ்வளவுதான். ஐம்பது நாள் பாப்போம். மூணாம் நம்பர் கிணத்துல இந்தப் பச்சை வந்தா கோடு சரி. வரலைன்னா கோடு தப்பு."

பல வாரங்களில் அவளுக்குத் தெளிவாகப் புரிந்த விஷயம் அது ஒன்றுதான். பச்சை வந்தால் கடை போகும். வராவிட்டால் கடை இருக்கும்.

கிணற்றில் கரித்துண்டுகள் நிரப்பிய சிறு வலைப்பையைத் தொங்கவிட்டார்கள். சாயம் துளி வந்தாலும் கரி பிடித்துக்கொள்ளுமாம். ஆபீசர் திங்களும் வியாழனும் வந்து பையை மாற்றினார். அவள் தினமும் காலையில் சந்தை முனைக் குழாயடிக்குப் போய் உள்ளங்கையில் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"என்ன கறைக்காரம்மா, தண்ணில கறை இருக்கா?" என்று காய்கறிக் கடைக்காரர் கேட்டார்.

"இன்னும் இல்ல."

"இருந்தா எடுத்துடுவீங்களா?"

"இருந்தா என்னை எடுத்துடுவாங்க."

இருபத்து மூன்றாம் நாள் நாத்தனார் வந்தாள்.

கணவரின் ஒரே தங்கை. கடைக்குப் பின்னால், இரண்டு தெரு இறக்கத்தில், அப்பா விட்டுப்போன வீட்டில் இருந்தாள். சந்தைக் கிணறு மேற்கே என்றால் அவள் வீடு கிழக்கே. வீட்டில் அவள், புருஷன், இரண்டு பெண்கள், ஒரு கிணறு. அந்த வரிசையில் கிணற்றைக் கடைசியாகச் சொன்னால் கோபித்துக்கொள்வாள். ஊர்க் குழாயை வீட்டுக்குள் விட்டதே இல்லை. "குளோரின் நாத்தம். குடிச்சா மனுஷன் பூச்சி மாதிரி செத்துடுவான்." யார் படியேறினாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர். குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பாராட்டாமல் டம்ளரைக் கீழே வைக்க முடியாது. பத்தொன்பது வருடமாகக் கறைக்காரம்மா பாராட்டிக்கொண்டிருக்கிறாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அண்ணி, உங்க தொழிலுக்கு ஒரு வேலை கொண்டு வந்திருக்கேன்." கேன் வரிசையைப் பார்த்தாள். "இதென்ன, சாராயம் காய்ச்சறீங்களா?"

"வாம்மா. காய்ச்சினா உனக்குச் சொல்லாமலா?"

நாத்தனார் மேஜைமேல் ஒரு வெள்ளைச் சட்டையையும் இரண்டு தலையணை உறைகளையும் போட்டாள். "இவர் சட்டை. நல்லாத்தான் துவைச்சேன். காயப்போட்டா வெயில்ல ஒரு மாதிரி பச்சையா மின்னுது. பாசியோன்னு பாத்தேன். கிணத்துல பாசியே கிடையாது, உங்களுக்குத்தான் தெரியுமே. சோப்பு கோளாறோ?"

கறைக்காரம்மா சட்டையை வாசலுக்குக் கொண்டுபோனாள். வெளிச்சத்தில் பிடித்தாள். முகர்ந்தாள். நகத்தால் சுரண்டவில்லை. திரும்பி உள்ளே வந்து, இஸ்திரி மேஜையில் இருந்த கணவரின் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் சட்டையின் கைப்பட்டியை வைத்தாள்.

நகக்கண்ணிலும் கைப்பட்டியிலும் ஒரே பச்சை.

கணவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"என்ன கறை அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"தெரியலம்மா" என்றாள். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கடையில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. சாயம் கிழக்கே போயிருக்கிறது. மேற்கே போகவில்லை. கடை பிழைத்தது. நாத்தனார் படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. பிறகு அவள் கண் நீல பக்கெட்டில் விழுந்தது. ஏன் விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அது தெளிந்த தண்ணீர்தானே?

ஆபீசருக்குத் தொலைபேசியில் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். நாத்தனார் வீட்டுக் கிணற்றில் வாளியை இறக்கி, வந்த தண்ணீரை ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தார்.

"பாறை வெடிப்பும்மா! தண்ணி அதுவழியா எதிர்ப்பக்கம் ஓடுது. எங்க கோடே தப்பு." நாத்தனாரிடம் திரும்பினார். "பயப்படாதீங்க. இந்தச் சாயம் ஒண்ணும் பண்ணாது. பத்து நாள்ல தெளிஞ்சுடும்."

"அண்ணி கடையிலேருந்தா வந்துச்சு? அவ்வளவு தூரத்துலேருந்தா?" நாத்தனாருக்குக் கோபிப்பதா பெருமைப்படுவதா என்று ஒரு நொடி தெரியவில்லை. பெருமையே வென்றது. "பாத்தீங்களா, என் கிணத்துக்கு இருக்கற மவுசை? ஊர்ல இருக்கற தண்ணியெல்லாம் என்னைத் தேடி வருது."

சொன்னபடி பத்து நாளில் தெளிந்தது. நாத்தனார் வீட்டு டம்ளர்கள் மறுபடி நிரம்பின.

ஐம்பதாம் நாள் போய், மேலும் ஒரு வாரம் போய், கடிதம் வந்தது. பரிசோதனையின் அடிப்படையில் எல்லை திருத்தி வரையப்படுகிறது. தங்கள் தொழிலிடம் எல்லைக்கு வெளியே அமைகிறது. முந்தைய இரண்டு அறிவிப்புகளும் ரத்து. கூடவே இன்னொரு தாள், மேலே "தகவலுக்காக" என்று. பக்கெட் தண்ணீரின் ஆய்வு முடிவு. அதில் ஒரு நீளமான எண்.

அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆபீசரைப் பார்க்கப் போனாள்.

"இந்த நம்பர் என்ன சார்?"

அவர் கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினார். "மருந்து கொஞ்சம் தண்ணில கரையும்மா. மிஷின் எவ்வளவு பிரிச்சாலும் அந்தக் கொஞ்சம் தண்ணிலயே தங்கிடும். கண்ணுக்குத் தெரியாது. குடிக்கற தண்ணில இவ்வளவுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு ஒரு அளவு இருக்கு. உங்க பக்கெட்டுல அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு."

"வெறும் தண்ணின்னு நினைச்சேன்."

"இந்தத் தொழில்ல எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க."

"பச்சை போன வழியிலதான் இதுவும் போயிருக்குமா?"

"போயிருக்கலாம்."

"அவ கிணத்துல இருக்கா, இல்லையா?"

"தெரியாது. நான் தேடினது சாயத்தை. மருந்தைத் தேடல."

"தேடலாமே?"

"அது தனியார் கிணறு. கோடு, எல்லை எல்லாம் ஊருக்குத் தண்ணி குடுக்கற கிணத்துக்குத்தான். வீட்டுக் கிணத்தைப் பாக்கணும்னா வீட்டுக்காரங்க மனு குடுக்கணும். அவங்க குடுக்கல. குடுக்கச் சொல்லவும் எனக்கு உரிமை இல்ல." தாளை மடித்து அவளிடம் திருப்பித் தந்தார். "மனு வந்தா அது வேற பிரிவு. யார் கெடுத்தாங்கன்னு பாக்கறது. அதுல கோடு கிடையாது. மிஷினுக்கு முத்திரை வச்சுட்டுத்தான் விசாரிப்பாங்க. யோசிச்சுக்கோங்கம்மா. ஆனா அந்தத் தண்ணியைக் குடிக்க வேணாம்னு மட்டும் இன்னைக்கே சொல்லிடுங்க."

அவள் தெருவில் நடந்தாள். கடை பிழைத்த கடிதம் ஒரு கையில், கடையைக் கொல்லும் தாள் இன்னொரு கையில். கோட்டுக்கு உள்ளே இருந்தபோது அவள் செய்தது தப்பு. இப்போது வெளியே இருக்கிறாள், தப்பில்லை. அதே குழி, அதே பக்கெட், அதே அவள். பூமிக்கடியில் எதுவும் நகரவில்லை. தாளில் ஒரு கோடு நகர்ந்திருக்கிறது. எத்தனை முறை சுற்றி வந்தாலும் யோசனை அந்த இடத்திலேயே வந்து நின்றது.

கணவரிடம் சொன்னாள். அவர் இஸ்திரிப் பெட்டியை அணைத்தார். அது அவர் வழக்கமில்லை.

"அவ உங்க தங்கச்சி" என்றாள்.

"கடை என் கடை" என்றார்.

"இப்ப என்ன சொல்றீங்க? சொல்லணும்கறீங்களா, வேணாம்கறீங்களா?"

"ரெண்டையும்தான் சொன்னேன்."

அவர் இறங்கிப் பின்புறம் போனார். அவள் நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

"வாங்க அண்ணி, கடை பிழைச்சுதாமே! அண்ணன் சொல்லவே இல்ல, ஊர் சொல்லித் தெரியுது." நாத்தனார் உள்ளே போய் டம்ளரோடு வந்தாள். நின்றாள், முகத்தைப் பார்த்துக்கொண்டு.

டம்ளர் குளிர்ந்திருந்தது. அடியில் செதுக்கியிருந்த மாமனார் பெயரின் முதல் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. கூடத்தில் மூத்த பெண் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். கறைக்காரம்மா கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடம் பிறந்தவள். பதினேழு வயது.

"செம்பைக் கீழ வைம்மா" என்றாள் கறைக்காரம்மா.

"ஏன் அத்தை?"

"வைன்னா வை."

பிறகு சொன்னாள். கோர்வையாக வரவில்லை. பக்கெட்டில் ஆரம்பித்து, பாறை வெடிப்புக்குப் போய், அந்த நீளமான எண்ணுக்கு வந்து, மறுபடி பக்கெட்டுக்குப் போனாள். நாத்தனார் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி தெளிவா இருக்கே அண்ணி."

"ஆமா."

"பச்சையா இருந்தப்ப ஒண்ணும் பண்ணாதுன்னு அந்தத் தம்பி சொன்னார். இப்ப தெளிவா இருக்கு, குடிக்கக் கூடாதுன்னு நீங்க சொல்றீங்க."

"ஆமா."

"கடுதாசில உங்க மேல தப்பில்லன்னு போட்டிருக்காமே?"

"போட்டிருக்கு."

"அப்ப யார் மேல தப்பு?"

நாத்தனார் டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கினாள். முற்றத்தில் கொட்டப் போனவள் நின்றுவிட்டாள். எங்கே கொட்டினாலும் மண்தான்.

"பத்தொன்பது வருஷம்," என்றாள் நாத்தனார், "ஒவ்வொரு தடவையும் இதே இடத்துல நின்னு நல்லா இருக்குன்னு சொன்னீங்களே அண்ணி."

"நல்லாத்தான் இருந்துச்சு. மனசுல பொறாமையோடதான் சொன்னேன். ஆனா பொய் சொல்லல."

நாத்தனாருக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் காலை இருவரும் அலுவலகத்துக்குப் போனார்கள். மனுத்தாளில் ஒரு கட்டம் இருந்தது: மாசுக்குக் காரணம் எனச் சந்தேகிக்கப்படும் இடம். நாத்தனார் பேனாவை வைத்துவிட்டாள்.

"அண்ணன் கடைப் பேரை என் கையால எழுத மாட்டேன்."

கறைக்காரம்மா தாளைத் தன் பக்கம் இழுத்து எழுதினாள். கடை முகவரி, கதவு எண், பின்புறக் குழி. நாத்தனார் கையெழுத்துப் போட்டாள்.

முதல் ஜன்னல் எழுத்தர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"இது யார் மேல யார் குடுக்கற மனு?"

"அவ குடுக்கறா. என் மேல."

"எழுத்து உங்க எழுத்தா இருக்கே?"

"அவ எழுத மாட்டேன்னுட்டா."

"போன வாரம்தான கடையைக் காப்பாத்திக்கிட்டீங்க. இதை வாங்கினா நாளைக்கு மிஷினுக்கு முத்திரை வைக்க ஆள் வருவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கும்மா?"

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்து, கிணற்றுத் தண்ணீர் போத்தலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். எழுத்தர் அதைக் கேட்டு வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"சுத்தமா இருக்கே!"

"ஆமா" என்றாள் கறைக்காரம்மா. "எங்க பக்கெட்டுலயும் இப்படித்தான் இருந்துச்சு."

அவர் முத்திரை குத்தினார். ஞாபகம் வந்தவராக நிமிர்ந்தார். "விசாரணை முடியறவரைக்கும் குழியைத் தொடாதீங்க. மண்ணெடுத்துப் பாக்கணும். அது சாட்சி."

இருவரும் திரும்பி வந்தபோது கடை பூட்டியிருந்தது. பின்புறத்திலிருந்து கடப்பாரைச் சத்தம் வந்தது. கறைக்காரம்மா சுற்றிக்கொண்டு ஓடினாள். கணவர் குழிக்குள் நின்றிருந்தார். குழி இப்போது குழியாக இல்லை. இடுப்பு ஆழத்தில் ஒரு பள்ளம். சுற்றிலும் ஈரமண் குவியல். அந்த இனிப்பு வாசனை எழுந்து முகத்தில் அடித்தது. முந்தின மதியமே அவர் தொடங்கியிருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தோண்டக் கூடாதுங்க!"

"கோட்டுக்கு வெளியதான இருக்கோம்? ரெண்டு கடுதாசியும் ரத்து. பாத்துட்டுத்தான் எறங்கினேன்." அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"மனு குடுத்தாச்சு. இனிமே தொடக் கூடாதாம். சாட்சியாம்."

அவர் கடப்பாரையைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். மண்குவியலைப் பார்த்தார். "பாதி வந்தாச்சு. மிச்சத்தைத் தோண்டவா, எடுத்ததை மூடவா?"

அவளுக்குத் தெரியவில்லை. கையில் முத்திரை குத்திய நகல் இருந்தது. அதைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தாள். அங்கே ஒன்றும் எழுதவில்லை.

"அப்படியே இருங்க" என்றாள்.

அவர் அப்படியே நின்றார்.

கடைப் பக்கச் சுவரிலிருந்த ஊர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நாத்தனார் எங்கிருந்தோ ஒரு குடத்தைத் தேடிப் பிடித்து அதன் கீழ் வைத்திருந்தாள். நிரம்பும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு முறைத்துப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையில் ஒரு வாய் பிடித்துக் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"நாத்தம்" என்றாள். "தண்ணி பிடிக்க நாளைக்கு ரெண்டு குடம் கொண்டு வரேன் அண்ணி. வாசல் கதவைப் பூட்டாதீங்க."